லாங் போலிங் ஏன் பாதியில் நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாமலே புதுச் செய்தி திரையில் வந்து விழ வேண்டும். அரட்டைப் பெட்டி, ஆர்டர் நிலவரம், டோக்கன் பலகை என எதை எடுத்தாலும் தேவை இதுதான். அதற்கு லாங் போலிங் எழுதினீர்கள், உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது, உண்மையான சர்வரில் ஏற்றியதும் தகராறு ஆரம்பித்துவிட்டது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள சிக்கல்களில் பலவற்றை நானே இரவு கண்விழித்துத் தேடியிருக்கிறேன்.

என் அனுபவத்தில் இவை பெரும்பாலும் இரண்டே இடங்களில் பிறக்கின்றன. காத்திருக்கும் இணைப்பை யார் முதலில் விடுவது என்பது ஒன்று. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்து அடுத்தது போய்ச் சேர்வதற்குள் இருக்கும் சிறு இடைவெளி இன்னொன்று. எந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலும் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

லாங் போலிங்கில் சரியாக என்ன நடக்கிறது?

பிரவுசர் சர்வரிடம் "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது. இல்லை என்றால் சர்வர் உடனே பதில் சொல்லாமல் ரிக்வெஸ்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செய்தி வந்த கணத்தில் பதில் போகும். குறித்த நேரத்துக்குள் எதுவும் வரவில்லை என்றால் வெறும் பதில் போகும். பதில் எதுவானாலும் பிரவுசர் உடனே மறுபடி கேட்கிறது.

5 வினாடிக்கு ஒரு முறை கேட்கும் சாதாரண போலிங்கில் ஒரு பயனர் மணிக்கு 720 ரிக்வெஸ்ட் அனுப்புவார். அப்படியும் செய்தி 5 வினாடி வரை தாமதமாகலாம். 30 வினாடி பிடித்து வைக்கும் லாங் போலிங்கில் செய்தியே இல்லாத ஒரு மணி நேரத்துக்கு 120 ரிக்வெஸ்ட் போதும், செய்தி இருந்தால் கிட்டத்தட்ட உடனே வந்துவிடும். 2006-ல் அலெக்ஸ் ரசல் இந்த வகை உத்திகளுக்கு "காமெட்" என்று பெயர் வைத்தார். 2011 ஏப்ரலில் இதன் குறைகளையும் நல்ல வழக்கங்களையும் தொகுத்து ஆர்எஃப்சி 6202 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வெளியானது. இன்றும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டியது.

சரியாக 60 வினாடியில் 504 பிழை வருகிறது. என் கோடில் 60 என்ற எண்ணே இல்லையே?

உங்கள் கோடில் இருக்காது, வழியில் இருக்கிறது. பிரவுசருக்கும் உங்கள் ப்ரோகிராமுக்கும் நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் தனித்தனிக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை உங்கள் ப்ரோகிராமுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் சொல்லாமல் விட்டால் 60 வினாடி. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரிலும் ஐடில் டைம்அவுட் 60 வினாடிதான். ஹெரோக்கு ஹோஸ்டிங்கில் முதல் பைட் 30 வினாடிக்குள் வராவிட்டால் எச்12 பிழை. பைத்தான் சர்வரான ஜி-யூனிகார்னின் சாதாரண சிங்க் வொர்க்கர் 30 வினாடி அசையாமல் இருந்தால் மாஸ்டர் அதைக் கொன்றுவிடும், லாகில் "வொர்க்கர் டைம்அவுட்" என்று வரி விழும். தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை பொறுமை இழந்தால் 504-க்குப் பதில் 524 என்ற எண் வரும்.

ஆகவே பிழை வரும் நேரத்தை முதலில் அளந்து பாருங்கள். அந்த எண்ணே பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் என்ஜின்எக்ஸ் லாகைப் பாருங்கள். 499 என்றால் பிரவுசர் பக்கம் முதலில் விட்டுவிட்டது. 504 என்றால் என்ஜின்எக்ஸ் காத்திருந்து சலித்துவிட்டது. 502 என்றால் பின்னால் இருக்கும் உங்கள் ப்ரோகிராம் பதில் சொல்லாமலே இணைப்பை மூடியது, அல்லது செத்துப்போனது. இந்த மூன்று எண்களையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்தால், முதல் சர்வரில் டைம்அவுட் ஆன கெட் ரிக்வெஸ்ட்டை அது தானாகவே இரண்டாவது சர்வருக்கு அனுப்பிப் பார்க்கும். அதனால் 504 வர 120 வினாடி ஆகலாம். 120 என்ற எண்ணை எங்கே தேடினாலும் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எல்லா டைம்அவுட்டையும் 10 நிமிடமாக உயர்த்திவிடலாமா?

வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் கடிகாரங்களைத்தான் நீங்கள் மாற்ற முடியும். பயனரின் அலுவலக ப்ராக்ஸி, பலரின் இணைப்புகளை ஒரே முகவரியில் பங்கிடும் மொபைல் நிறுவனத்தின் நாட் (NAT) பெட்டி, வீட்டு ரவுட்டர் எல்லாம் உங்கள் பேச்சைக் கேட்காது. அவற்றில் சில, சும்மா இருக்கும் இணைப்பை இரு பக்கமும் சொல்லாமலே மறந்துவிடும்.

சரியான வழி வேறு. காத்திருக்கும் ரிக்வெஸ்ட்டை உங்கள் ப்ரோகிராம்தான் முதலில், ஒழுங்காக, வெறும் பதில் சொல்லி விட வேண்டும். அதற்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு அடுக்கும் அதைவிடச் சற்று அதிக நேரம் பொறுத்திருக்க வேண்டும். நான் வைக்கும் கணக்கு: ப்ரோகிராம் 25 வினாடி, பிரவுசர் பக்கக் கோடு 40 வினாடி, நடுவில் உள்ளவை 60-லேயே இருக்கட்டும். 120 வினாடி வரை வைத்தும் ஓடியிருக்கிறது, ஆனால் 30 வினாடிதான் பாதுகாப்பு என்கிறது ஆர்எஃப்சி 6202. அமேசானின் எஸ்கியூஎஸ் வரிசைச் சேவை 20 வினாடிக்கு மேல் பிடித்து வைக்க அனுமதிப்பதே இல்லை. நீண்ட நேரம் பிடித்து வைத்தால் மிச்சமாவது சில ரிக்வெஸ்ட்கள்தான். அதற்காக இவ்வளவு ஆபத்தை இழுத்துப் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடையிடையே வெற்று எழுத்துகளை அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்கலாமே என்றும் கேட்பார்கள். ஜேசனுக்கு முன்னால் வெற்றிடம் இருந்தால் பிழையில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் எழுத்து போனதுமே 200 என்ற நிலை எண்ணும் போய்விடும். பிறகு உள்ளே பிழை நடந்தால் அதைச் சொல்ல வழியில்லை. நடுவில் உள்ள ப்ராக்ஸி அந்த வெற்று எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அனுப்பாமலும் இருக்கலாம்.

பிழையே இல்லை, ஆனால் சில செய்திகள் மட்டும் வந்து சேர்வதில்லை. எங்கே போகின்றன?

இடைவெளியில் விழுகின்றன. சர்வர் ஒரு பதிலை அனுப்பிவிட்டது. பிரவுசர் அதை வாங்கி, திரையில் காட்டி, அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்புவதற்குள் கால் வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் வினாடியில் வந்த செய்தியைக் கேட்க அந்தப் பயனர் சார்பில் சர்வரில் யாரும் காத்திருக்கவில்லை. "யார் காத்திருக்கிறார்களோ அவர்களுக்கு அனுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் செய்தி அதோடு சரி. ரெடிஸ் என்ற நினைவக டேட்டாபேஸின் பப்-சப் அறிவிப்பு வசதியை நேரடியாக லாங் போலிங்கோடு கட்டியவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே பப்-சப் கொடுக்கும், எதையும் எடுத்து வைக்காது.

தீர்வு: ஒவ்வொரு செய்திக்கும் ஏறுமுகமான ஓர் எண். பிரவுசர் கேட்கும்போதே "எனக்கு 417 வரை வந்துவிட்டது, அதற்கு மேல் கொடு" என்று சொல்ல வேண்டும். 418 ஏற்கெனவே இருந்தால் சர்வர் காத்திருக்காமல் உடனே கொடுத்துவிட வேண்டும். டெலிகிராமின் பாட் (தானியங்கிக் கணக்கு) ஏபிஐ இதற்கு நல்ல உதாரணம். அதன் கெட்அப்டேட்ஸ் அழைப்பில் ஆஃப்செட் என்று ஓர் எண் தருகிறோம், கடைசியாக வாங்கிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி. அப்படித் தந்தால்தான் பழையவை கிடைத்துவிட்டன என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். வாங்காத செய்திகள் 24 மணி நேரம் வரை அங்கே காத்திருக்கும். ஒரே பாட் கணக்குக்காக இரண்டு ப்ரோகிராம் ஒரே நேரத்தில் கேட்டால் 409 பிழை கொடுத்து ஒன்றை வெளியேற்றிவிடும். ஒரு செய்தி இருவரில் யாரிடம் போனது என்ற குழப்பத்துக்கே அங்கு இடமில்லை.

சர்வருக்குள்ளும் இதே இடைவெளியின் சின்ன வடிவம் உண்டு. முதலில் டேட்டாபேஸைப் பார்க்கிறோம், எதுவும் இல்லை. அப்புறம் அறிவிப்புக்காகக் காத்திருக்கப் பதிவு செய்கிறோம். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு செய்தி வந்துவிட்டால்? ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பதிவு, பிறகு டேட்டாபேஸைப் பார்ப்பது, அப்புறம்தான் காத்திருப்பது. ரெடிஸ் பிடிக்கும் என்றால் 5.0 பதிப்பில் வந்த ஸ்ட்ரீம்ஸைப் பயன்படுத்துங்கள். செய்திகளை அது எடுத்து வைக்கும், "இந்த எண்ணுக்கு மேல் வரும்வரை காத்திரு" என்று ஒரே கட்டளையில் கேட்கலாம்.

எண்ணுக்குப் பதில் நேரத்தைக் குறியாக வைக்க வேண்டாம். ஒரே மில்லி வினாடியில் இரண்டு செய்தி விழும், இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகாது.

எண் வைத்தாயிற்று. அப்படியும் பல நாட்களுக்கு ஒரு முறை ஒரு செய்தி காணாமல் போகிறது. எப்படி?

இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். ஒரு மருத்துவமனையின் டோக்கன் பலகை. பல நாட்களுக்கு ஒரு முறை, கூட்டம் அதிகமான காலை வேளையில், ஒரு டோக்கன் எண் பலகையில் வராமலே போகும். டேட்டாபேஸில் பார்த்தால் அது பத்திரமாக இருக்கும். பெயர் அழைக்கப்படாமல் ஒரு நோயாளி வெளியே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டபோது மனது என்னவோ போல் ஆகிவிட்டது.

காரணம் இதுதான். டேட்டாபேஸ் தானாகத் தரும் ஏறுவரிசை எண், பதிவைச் செருகும்போதே ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன பிறகுதான், அதாவது அந்த டிரான்சாக்ஷன் (ஒரே மூட்டையாக நடக்கும் டேட்டாபேஸ் வேலை) முடிந்து உறுதியான பிறகுதான். ஒரு டிரான்சாக்ஷன் 100-ஐ வாங்கிக்கொண்டு வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னொன்று 101-ஐ வாங்கி உடனே கமிட் செய்துவிடுகிறது. அந்த நேரத்தில் பிரவுசர் கேட்டால் 101 கிடைக்கும். அடுத்து "101-க்கு மேல் கொடு" என்று கேட்கும். பிறகு 100 கமிட் ஆகிறது. அதை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

வழிகள் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு அறைக்கும் அல்லது சேனலுக்கும் எண்ணிக்கையை வைத்திருக்கும் ஒரு பதிவைத் தனி டேபிளில் வைத்து, செய்தியைச் செருகும் அதே டிரான்சாக்ஷனில் அந்த எண்ணிக்கையை ஒன்று கூட்டி வாங்குவது. அந்தப் பதிவின் பூட்டு கமிட் வரை விடாது. அதனால் எண் வரிசையும் கமிட் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். எழுதுவது சற்று மெதுவாகும், ஒரு டோக்கன் பலகைக்கும் அரட்டை அறைக்கும் அது பொருட்டே இல்லை. இரண்டாவது, படிக்கும்போது கடைசி சில வினாடிகளின் செய்திகளை எப்போதும் திரும்ப ஒரு முறை சேர்த்துக் கொடுத்து, ஏற்கெனவே பார்த்ததைப் பிரவுசரே தள்ளிவிடச் செய்வது. டிரான்சாக்ஷன் எவ்வளவு நேரம் நீளும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இது முழுக் காப்பு ஆகாது. நான் முதலாவதைத்தான் செய்தேன்.

ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது. இது தவறா?

இல்லை, எதிர்பார்க்க வேண்டியது. பதில் பாதி வழியில் அறுந்தால் பிரவுசர் பழைய எண்ணோடு மறுபடி கேட்கும், சர்வர் மறுபடி கொடுக்கும். தொலைவதைவிட இரட்டிப்பது நல்லது. செய்தியின் எண்ணை வைத்துப் பிரவுசரில் வடிகட்டிவிடுங்கள்.

எப்போதுமே, எல்லாமே இரண்டு முறை வந்தால் அது வேறு கதை. போலிங் சுழற்சி இரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ரியாக்ட் 18-ல் ஸ்டிரிக்ட் மோட் போட்டிருந்தால் உருவாக்க நேரத்தில் ஒவ்வொரு எஃபெக்ட்டும் இரண்டு முறை ஓடும். கிளீன்அப்பில் பழைய ரிக்வெஸ்ட்டை அபார்ட் கண்ட்ரோலரால் நிறுத்தாமல் விட்டிருப்பீர்கள். செட்இன்டர்வலில் லாங் போலிங்கை வைத்தவர்களுக்கும் இதே கதிதான், முந்தையது முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று சுழற்சியாக எழுதுங்கள்.

பத்துப் பேர் திறந்ததும் முழுத் தளமும் உறைந்து போகிறது. சர்வரில் சிபியு சும்மா இருக்கிறது. ஏன்?

எல்லா வேலையாட்களும் காத்திருப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். பிஎச்பி-எஃப்பிஎம்மின் மாதிரி அமைப்பில் மேக்ஸ் சில்ட்ரன் 5. ஐந்து பேர் லாங் போலிங்கில் உட்கார்ந்துவிட்டால் ஆறாவது ஆளுக்கு முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறையில் 256, டாம்கேட்டில் 200 த்ரெட் என்பது வழக்கம். எண்ணை உயர்த்தினால் சிறிது காலம் தள்ளலாம், ஒவ்வொரு ப்ராசஸும் நினைவகம் தின்னும். காத்திருக்கும்போது த்ரெட்டை விட்டுவிடும் வழியே நிரந்தரத் தீர்வு. நோட் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர்), கோ மொழி இரண்டிலும் இது இயல்பு. ஸ்பிரிங்கில் டிஃபர்ட் ரிசல்ட், பைத்தானில் அசிங்க் வகை சர்வர்கள் உண்டு. பிஎச்பியிலேயே முழுத் தளமும் இருந்தால் அதைத் தொட வேண்டாம். லாங் போலிங் முகவரியை மட்டும் தனியே ஒரு சிறிய நோட் அல்லது கோ ப்ரோகிராமுக்குத் திருப்பிவிடுங்கள்.

த்ரெட் பிரச்சினையைத் தீர்த்தபின் பலர் டேட்டாபேஸில் இடறுகிறார்கள். ரிக்வெஸ்ட் ஆரம்பத்தில் ஒரு டேட்டாபேஸ் இணைப்பை எடுத்து, 25 வினாடி காத்திருக்கும்போதும் கையிலேயே வைத்திருப்பார்கள். ஜாவாவின் ஹிகாரி இணைப்புத் தொகுப்பில் சொல்லாமல் விட்டால் 10 இணைப்பு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மொத்தமாகவே 100 இணைப்புதான் தரும். ஜாங்கோவில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் டிரான்சாக்ஷனில் சுற்றும் வசதியை இயக்கியிருந்தால் இது சத்தமில்லாமல் நடக்கும். பார்த்துவிட்டு இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள், எழுப்பப்பட்டதும் மறுபடி எடுங்கள்.

மற்றவர்களுக்குச் சரி, எனக்கு மட்டும் லாங் போலிங் ஓடும்போது வேறு எந்தப் பக்கமும் திறக்கவில்லை?

பிஎச்பி என்றால் செஷன் பூட்டு. செஷனை ஆரம்பித்ததும் அதன் கோப்பு பூட்டப்படும், ஸ்கிரிப்ட் முடியும்வரை அதே பயனரின் அடுத்த ரிக்வெஸ்ட் வாசலில் நிற்கும். இன்காக்னிடோ சாளரத்தில் திறந்தால் சரியாக வருகிறதா? அப்படியானால் உறுதி. பயனர் யார் என்று படித்த உடனே, காத்திருக்கத் தொடங்கும் முன், செஷன் ரைட் குளோஸ் ஃபங்ஷனை அழையுங்கள். ஒரே வரி வேலை.

ஏழாவது டேப் திறந்தால் எதுவும் லோடு ஆவதில்லை.

எச்டிடிபி 1.1-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஒரு தளத்துக்கு 6 இணைப்புதான் திறக்கும். ஆறு டேப்பும் ஆளுக்கொன்று பிடித்து வைத்தால் படம், ஸ்கிரிப்ட் எதற்கும் வழியில்லை. எச்டிடிபி 2-க்கு மாறினால் ஒரே இணைப்பில் பல ரிக்வெஸ்ட் போகும், என்ஜின்எக்ஸ் 128 வரை அனுமதிக்கிறது. அது முடியாவிட்டால் ஒரு டேப் மட்டும் போலிங் செய்து, பிராட்காஸ்ட் சேனல் வழியாக மற்ற டேப்களுக்குச் சொல்லட்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று. இரண்டே டேப், ஒரே முகவரி, இரண்டாவது சரியாக 20 வினாடி தாமதிக்கிறது. இது குரோமின் கேச் பூட்டு. ஒரே முகவரிக்கு ஒரு கெட் ஏற்கெனவே போயிருந்தால், அதன் பதிலைப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று அடுத்ததைக் குரோம் நிறுத்தி வைக்கும். 20 வினாடிக்கு மேல் பொறுக்காது. டெவலப்பர் டூல்ஸின் டைமிங் பகுதியில் அந்த நேரம் "ஸ்டால்ட்" என்று தெரியும். ஃபெட்ச் அழைப்பில் கேச் வேண்டாம் என்று நோ-ஸ்டோர் கொடுங்கள், சர்வர் பதிலிலும் அதையே சொல்லுங்கள். சோதிக்கும்போது டெவலப்பர் இரண்டு டேப்பைத் திறந்து வைத்துத்தான் பார்ப்பார். அதனால் இல்லாத சர்வர் பிழையைத் தேடி ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

போனை பாக்கெட்டில் போட்டுவிட்டு எடுத்தால் பக்கம் செத்த மாதிரி இருக்கிறது.

போன் தூங்கும்போது நெட்வொர்க் மாறியிருக்கும், பழைய இணைப்பு மறுமுனையில் இறந்திருக்கும். ஆனால் பிரவுசருக்கு அதை யாரும் சொல்லவில்லை, அது காத்துக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன 40 வினாடி பிரவுசர் பக்க டைம்அவுட் இதற்காகத்தான். அதோடு, பக்கம் மறுபடி கண்ணுக்குத் தெரியும்போதும் நெட் திரும்ப வரும்போதும் பழைய ரிக்வெஸ்ட்டை வெட்டிவிட்டு உடனே புதிதாகக் கேளுங்கள். விசிபிலிட்டி சேஞ்ச், ஆன்லைன் என்ற இரண்டு ஈவென்ட் போதும்.

மேசைக் கணினியில் பின்னால் போன டேப்புக்கும் ஒரு விதி உண்டு. குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் தொடர் டைமர்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஓடும். பதில் வந்ததும் நேரடியாக அடுத்த ஃபெட்ச் போனால் பாதிப்பு குறைவு. நடுவில் செட்டைம்அவுட் வைத்திருந்தால் செய்தி தாமதமாகும்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எழுந்திருக்கவே திணறுகிறது.

5,000 பேர் காத்திருந்தார்கள் என்றால் 5,000 இணைப்பும் ஒரே கணத்தில் அறுந்து, 5,000 ரிக்வெஸ்ட் ஒரே கணத்தில் திரும்பி வரும். சர்வர் பிழை கொடுக்கும், அவை உடனே மறுபடி வரும். பிழை வந்தால் 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியைக் கூட்டி, அதிகபட்சம் 30 வினாடியில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு தற்செயல் அளவைக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் ஒன்றாகவே காத்திருந்து ஒன்றாகவே வருவார்கள். 401 வந்தால் சுழற்சியை நிறுத்தி உள்நுழையச் சொல்லுங்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை.

நிறுத்தும்போது முறையாக நிறுத்துவதும் முக்கியம். டாக்கர் ஸ்டாப் 10 வினாடிதான் தரும், பிறகு கொன்றுவிடும். குபர்நெட்டிஸ் 30 வினாடி தருகிறது. நீங்கள் 25 வினாடி பிடித்து வைப்பவர் என்றால் டாக்கரில் அது போதாது. நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்ததும் காத்திருக்கும் எல்லோருக்கும் வெறும் பதில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நினைவகம் நாளுக்கு நாள் ஏறுகிறது.

போனவர்களின் பெயரை நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். பயனர் டேப்பை மூடினால் அந்த ரிக்வெஸ்ட்டின் லிஸனரையும் டைமரையும் எடுத்துவிட வேண்டும். நோடில் ரெஸ்பான்ஸின் குளோஸ் ஈவென்ட்டில் செய்யுங்கள். ஒரே ஈவென்ட்டுக்கு 10 லிஸனரைத் தாண்டினால் நோட் எச்சரிக்கும். பல பேர் ஒரே எமிட்டரில் காத்திருந்தால் அந்த எண்ணைத் தாண்டுவது நியாயம்தான். ஆனால் பயனர் குறையும்போது எண்ணும் குறைகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வரம்பை உயர்த்துங்கள்.

இரண்டாவது சர்வர் சேர்த்ததும் பாதிப் பேருக்குச் செய்தி வரவில்லை.

காத்திருப்போர் பட்டியல் ஒரு ப்ராசஸின் நினைவகத்தில் இருக்கிறது, செய்தி இன்னொரு ப்ராசஸில் வந்து இறங்குகிறது. ரெடிஸ் அல்லது போஸ்ட்கிரெஸின் லிஸன்-நோட்டிஃபை மூலம் எல்லா ப்ராசஸுக்கும் தட்டி எழுப்பும் மணி ஒன்று வேண்டும். மணி தொலைந்தாலும் பாதகமில்லை, எண் வைத்துக் கேட்பதால் அடுத்த சுற்றில் கிடைத்துவிடும்.

சாக்கெட் ஐஓவில் 400 பிழையும் "செஷன் ஐடி அன்நோன்" என்ற செய்தியும் வந்தால் அது வேறு. அந்த நூலகம் முதலில் லாங் போலிங்கில் ஆரம்பித்துப் பிறகுதான் வெப்சாக்கெட்டுக்கு ஏறும். ஒரே பயனரின் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் ஒரே சர்வருக்கே போக லோட் பேலன்சரில் ஸ்டிக்கி செஷன் வையுங்கள்.

எப்போதாவது, காரணமே இல்லாமல் 502. காத்திருந்த ரிக்வெஸ்ட்கூட இல்லை, அப்போதுதான் வந்தது.

நோடும் லோட் பேலன்சரும் சேர்ந்த இடத்தில் இது வழக்கம். ரிக்வெஸ்ட் முடிந்தபின் சும்மா இருக்கும் இணைப்பை நோட் 5 வினாடியில் மூடும். லோட் பேலன்சர் 60 வினாடி திறந்திருக்கும் என்று நம்பி அதே இணைப்பில் அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்பும், அதே கணத்தில் நோட் மூடினால் 502. கீப்அலைவ் டைம்அவுட்டை 65 வினாடியாக உயர்த்துங்கள்.

கவனித்தீர்களா, இங்கே வரிசை தலைகீழ். காத்திருக்கும் ரிக்வெஸ்ட்டை உள்ளே இருப்பவர் முதலில் விட வேண்டும். சும்மா கிடக்கும் இணைப்பை வெளியே இருப்பவர், அதாவது அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்பப்போகிறவர், முதலில் விட வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு வெப்சாக்கெட்டுக்கே போய்விடலாமே?

இரு பக்கமும் வேகமாகப் பேச வேண்டுமென்றால் போகலாம். சர்வரிலிருந்து மட்டும் செய்தி வருமென்றால், எச்டிடிபி 2 இருக்கிறதென்றால், சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் இன்னும் எளிது. ஆனால் அலுவலக ப்ராக்ஸிகளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு லாங் போலிங்தான் பெரும்பாலும் தடையில்லாமல் போகும். வெப்சாக்கெட் இணைப்பும் அறுந்து மீளும், அந்த இடைவெளியிலும் செய்தி விழும். எண் வைத்துக் கேட்கும் பகுதியை அங்கேயும் எழுதத்தான் வேண்டும். அதை முதலில் சரியாக எழுதிவிட்டால், நாளைக்கு எதற்கு மாறினாலும் அது கூடவே வரும்.

வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

லேப்டாப்பிலேயே என்ஜின்எக்ஸை முன்னால் வையுங்கள், ப்ரோகிராமை இரண்டு ப்ராசஸாக ஓட்டுங்கள். 1 முதல் 1,000 வரை எண்ணிட்ட செய்திகளை, சீரற்ற இடைவெளியில், பல த்ரெட்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை இரண்டு நிமிடம் அணையுங்கள், டேப்பைப் பத்து நிமிடம் மறைத்து வையுங்கள், ஒரு ப்ராசஸைக் கொல்லுங்கள், பிறகு என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முடிவில் பிரவுசரில் வந்து சேர்ந்த எண்களை வரிசைப்படுத்தி விடுபட்டது ஏதும் உண்டா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று விடுபட்டாலும் வெளியிட வேண்டாம், அந்த எண் எந்த நிமிடத்தில் எழுதப்பட்டது என்று லாகில் தேடி அங்கிருந்து ஆரம்பியுங்கள்.